பள்ளத்து அக்ரூட்

மார்கழி 5

இன்றைக்கு முதல் உறைபனி. விடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. காலை வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். என் அக்ரூட் கன்றுகளில் பாதி கருகித் தலை தொங்கி நின்றன, வெந்நீர் ஊற்றின கீரை மாதிரி. மனசுக்கு நிறைவாக இருந்தது. செத்ததை எல்லாம் பிடுங்கி வரப்போரம் குவித்தேன்.

என் வீட்டுக்காரி ராக்கம்மா குடத்தோடு வந்து நின்று பார்த்தாள்.

"ஒரு வருசமா மடியில வச்சு வளக்காத கொறையா வளத்துப்புட்டு, செத்தா சிரிக்கிறீங்க."

"சாகுறது செத்தாத்தான்டி சாகாதது எதுன்னு தெரியும்."

"ஒங்களயும் ஒரு ராத்திரி வெளிய போட்டுப் பாக்கணும்."

"போட்டுப் பாரு. காலையில காப்பி கேப்பேன்."

இதற்கெல்லாம் காரணம் நானும் என் சம்பந்தி வெள்ளையப்பனும். ரெண்டு பேரும் பழப்பண்ணையில் ஒன்றாகக் கூலிக்கு இருந்தவர்கள். ஒரு மரத்துத் தாதுவை இன்னொரு மரத்துப் பூவில் தடவிப் பை கட்டி, புது விதை எடுக்கிற வேலையை அங்கே கற்றுக்கொண்டோம். வேலையை விட்டு வந்த பிறகும் அந்தக் கிறுக்கு விடவில்லை. இந்த மேல்மலையில் அக்ரூட் நன்றாக வளரும். ஆனால் அதற்குப் புத்தி கிடையாது. தையில் மத்தியானம் நாலு நாள் வெயில் அடித்தால் கோடை வந்துவிட்டது என்று துளிர் விடும். அன்று ராத்திரியே பனி விழுந்து கருகும். ஏமாறாமல் பங்குனி வரைக்கும் தூங்குகிற கன்று வேண்டும். அதைத்தான் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தேடுகிறோம்.

பண்ணைச் சட்டம் ஒன்றுதான். மூடக்கூடாது, புகை போடக்கூடாது, தண்ணீர் தெளிக்கக்கூடாது. போகிறது போகட்டும். நிற்கிறதை நட வேண்டும்.

மார்கழி 9

டீக்கடைக்குச் சம்பந்தி ஒரு கடப்பாரையோடு வந்தார். கடப்பாரைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, நுனியில் பூ சுற்றி இருந்தது.

"சம்மந்திக்குச் சீர் கொண்டாந்திருக்கேன்."

"எதுக்கு இது?"

"ஒங்க அக்ரூட்ட ஒடைக்க. போன வாரம் அம்மியில வச்சு ஒடைச்சேன். அக்ரூட்டு அப்பிடியே இருக்கு, அம்மி ரெண்டாப் போச்சு."

அவர் மரத்துக் காய் காகிதம் மாதிரி ஓடு. ரெண்டு விரலில் நசுக்கினால் பருப்பு முழுசாக விழும். ருசியும் அதிகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. என் மரத்துக் காய் கல். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தனுக்கு டீ மூக்கில் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். எல்லாரையும் விடச் சத்தமாக நான்தான் சிரித்தேன். சீரை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழி நெடுக நாய் குரைத்தது.

மார்கழி 10

பழைய பூண்டுச் சாக்கை எல்லாம் எடுத்து வெயிலில் உதறிப் போட்டேன். எதற்கு என்று ராக்கம்மா கேட்டாள். எலிக்கு என்றேன்.

மார்கழி 13

சாயங்காலம் வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை, காற்று இல்லை. பனி நிச்சயம்.

சம்பந்தியின் நாற்றங்கால் அவர் வீட்டுக்குப் பின்னால் ஓடையைத் தாண்டி இருக்கிறது. பொழுது சாய்ந்தால் அங்கே ஆள் போக மாட்டார்கள். அவருக்கு இழுப்பு. வெயில் நன்றாக ஏறினால்தான் கதவுக்கு வெளியே தலை நீட்டுவார். மாப்பிள்ளை ராசாங்கம் மேட்டுத் தோட்டத்துப் பூண்டுக்குக் காவலாக அங்கேயே படுத்துக்கொள்வார்.

குச்சி ஊன்றி, வரிசை வரிசையாகச் சாக்கைப் போர்த்தினேன். மூலை வரிசைக்குச் சாக்கு போதவில்லை, விட்டுவிட்டேன். விடிந்து, மேட்டில் வெயில் தொட்ட உடனே போய்ச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சுற்றிலும் வெள்ளை, நடுவில் அவர் கன்றுகள் மட்டும் பச்சையாக, ஜம்மென்று, பட்டணத்துப் பிள்ளைகள் மாதிரி நின்றன.

விளையாட்டு இதுதான். அவருடைய நோஞ்சான்கள் ஒன்றும் சாகாது. பொங்கலன்றைக்கு ஊர் கூடி நிற்கும்போது மீசையை முறுக்குவார். அப்போது சொல்வேன்: சம்மந்தி, ஒங்க பிள்ளைகளுக்கு ராத்திரி கம்பளி போத்துனது நான்தான். அவர் முகம் போகிற போக்கை நினைத்து, ஓடைக்கரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

மார்கழி 14

பனி. போர்த்தினேன்.

மார்கழி 15

பனி. போர்த்தினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. விளையாட்டு என்றால் சும்மாவா.

மார்கழி 20

விடாமல் கடும் பனி. என் பக்கம் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் மிச்சம். எல்லாம் குட்டை. மொட்டை இறுக மூடிக்கொண்டு தூங்குகின்றன. தங்கங்கள்.

சம்பந்தி துக்கம் விசாரிக்க வந்தார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார்.

"எப்பிடி ஆச்சு சம்மந்தி? நேத்துக்கூட நல்லாத்தான இருந்துச்சுக."

"ஆயுசு அம்புட்டுதான்."

"எங்கிட்ட மூலையில ஒரு வரிசைதான் போச்சு. அதுலயும் நாலஞ்சு நிக்கிது. மத்ததுல ஒண்ணு சாகலய்யா. பனிதான் பரீட்சை வைக்கும்னு பண்ணையில சொல்லுவாகள்ல. எம்புள்ளைக எல்லாம் பாஸு."

"வாத்தியாருக்குக் கண்ணு தெரியல போல."

"பொறாம."

"பொறாமதான். இல்லாமயா?"

சிரித்துச் சிரித்து அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. நெஞ்சு விசில் அடித்தது. நானும் அதே மாதிரி விசில் அடித்துக் காட்டினேன். அவர் இன்னும் சிரித்தார், இன்னும் இழுத்தது, உதடு நீலம் பாரித்தது. ராக்கம்மா ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்து, என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

நல்ல நாள்.

மார்கழி 26

மகள் பேச்சி வந்தாள். சம்பந்தி வீட்டுக்கு வாழப்போனவள் இவள்தான். காதை மூடுகிற கம்பளித் தொப்பி ஒன்று கொண்டுவந்தாள். அவளே பின்னியது.

"இத மாட்டிக்கங்கப்பா. விடிகாலையில ஈரத்துல நிக்கிறீக."

"நா எங்க நிக்கிறேன்?"

"நிக்கலன்னா சரி."

சிரித்தாள். என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வெடிப்பில் வேப்பெண்ணெய் தடவினாள்.

"மாமா இப்பல்லாம் நல்லாத் தூங்குறாகப்பா. காலையில பாட்டெல்லாம் பாடுறாக."

"அந்தக் கொரல்லயா? காட்டுமாடு வந்துரப் போகுது."

"அப்பா."

ரொம்ப நேரம் தடவினாள். எதற்கு இவ்வளவு பிரியமாக இருக்கிறாள் என்று புரியவில்லை. ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

தை 1

மந்தையில் ஊர்ப் பொங்கல். சொல்ல வேண்டியதை நேற்றே நாலு தரம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் விசில் அடித்துக் காட்ட வேண்டும், எல்லாம்.

நான் எழுந்திருப்பதற்கு முன்னால் சம்பந்தி எழுந்தார். என் தோளில் ஒரு சிவப்புத் துண்டைப் போட்டார்.

"இந்த மனுசன் போட்டிக்கு வரலன்னா நா அக்ரூட்ட எப்பவோ விட்டுருப்பேன். ஏசி ஏசியே என்னய ஜெயிக்க வச்சுட்டாரு" என்றார். கண் கலங்கி இருந்தது. அப்புறம் ஊரைப் பார்த்துச் சொன்னார். "எங்க மேட்டு நெலத்தச் சோலையப்பனுக்குக் குடுத்துட்டு, அவரு பள்ளத்த மாத்தி எடுக்கப் போறோம். எங்க நெலத்தப் போல ரெண்டு பங்கு. அங்க பூண்டு கருகும், உருளை கருகும், எவனும் சீந்த மாட்டான். எம்புள்ளைகளப் பனி என்ன செய்யும்?"

அந்த வீட்டுக்குச் சோறு போடுவது மேட்டு நிலம். பனி மேட்டில் நிற்காது. தண்ணீர் மாதிரி வழிந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். மேட்டில் பூண்டு ஒரு வருசமும் கருகினதில்லை. பள்ளத்தில் புல்லைத் தவிர எதுவும் மார்கழியைத் தாண்டினதில்லை. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சம்பந்திக்கும் தெரியும். தெரிந்துதான் மாற்றுகிறார். பனியில் நின்ற கன்று என்று நம்பி மாற்றுகிறார்.

வாயைத் திறந்தேன். வாயில் சூடாகப் பொங்கல் இருந்தது. பேச்சி எதிரில் நின்று என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். முழுங்கி முடிப்பதற்குள் கொட்டு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

தை 2

மாடு குளிப்பாட்டினேன். கொம்புக்கு நீலம் அடித்தேன்.

தை 4

ராக்கம்மா சாக்கை எடுத்து மோந்து பார்த்தாள். அவள் மூக்கு போலீஸ் நாய் மூக்கு.

"எலிக்குப் போட்ட சாக்குல ஓடைக்கரை மண்ணு எப்பிடி வந்துச்சு?"

சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அடுப்பங்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பவே போயிச் சொல்லுங்க. பத்திரம் எழுதுறதுக்கு முன்னாடி சொல்லுங்க."

"சொல்லத்தான் போறேன். விளையாட்டு கொஞ்சம் பழுக்கட்டும்."

"அது ஒங்க மக சோறு. நீங்க சொல்லலன்னா நா சொல்றேன்."

"சொல்லு. போயிச் சொல்லு. எம்புருசன் ஒங்களக் கோமாளியாக்கிட்டான்னு சொல்லு. அதுக்கப்பறம் அந்த வீட்டுல ஒம்மகள எப்பிடி வச்சுக்குவாங்கன்னு பாத்துக்க. தெனம் ஒரு குத்தல், தெனம் ஒரு இடி. எல்லாம் ஒன்னாலதாம்மான்னு வந்து நிப்பா."

 அவள் வாயை அடைக்க வேறு வழி தெரியவில்லை. ராத்திரி எனக்கு மட்டும் சோறு போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

தை 15

சம்பந்தி வீட்டுக்குப் போனேன், சொல்வதற்கு. வேலிக்கு எந்தக் கம்பி நல்லது என்று கேட்டார். சொன்னேன்.

மாசி 8

கொடைக்கானல் பத்திர ஆபீஸ். சம்பந்தி, மாப்பிள்ளை, சோலையப்பன் எல்லாரும் ஒரே ஜீப்பில் போனோம். வழியில் சோலையப்பன் வாயே திறக்கவில்லை. சிரிப்பு வெளியே வந்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தான். பள்ளத்தைக் கொடுத்து மேட்டை வாங்குகிறவன் வேறு என்ன செய்வான்.

சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆள் குறைந்தது.

"நீங்க போடுங்க சம்மந்தி. ஒங்க கையெழுத்துதான் ராசி" என்றார்.

"எங்கையெழுத்தப் பாத்தா ரிஜிஸ்தார் பயந்துருவாரே."

"கோழி கிண்டுன மாதிரி இருந்தாலும் அது எங்க சம்மந்தி கையெழுத்து."

மாப்பிள்ளை பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தார். ஆபீசில் கூட்டம். பின்னால் நின்றவன் சீக்கிரம், சீக்கிரம் என்றான். சடையாண்டி என்று எழுதினேன். டையில் கொம்பு சரியாக வரவில்லை, திருப்பிப் போட்டேன்.

திரும்பும்போது சம்பந்தி எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். நான் ரெண்டு சாப்பிட்டேன்.

பங்குனி 20

என் கன்றுகள் இன்றைக்குத்தான் துளிர்க்கின்றன. ஊரே பச்சையான பிறகு, சோம்பேறி மாதிரி மெதுவாக. இதுதான் வேண்டும். யாரிடமும் காட்டவில்லை.

ஆவணி 10

நல்ல மழை. பள்ளத்தில் நடவு. சம்பந்தி வீட்டில் எல்லாரும் குழியில் நின்றார்கள். பேச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண் தள்ளினாள். பள்ளம் முழுக்கக் கன்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒரு வழி யோசித்துக்கொண்டு போயிருந்தேன்.

"சம்மந்தி, மூலை வரிசையில தப்பிச்ச நாலஞ்ச மட்டும் இந்த வருசம் நடுங்க. மத்தத மேட்டுப் பக்கம் எங்கயாவது தொட்டியில வைங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"ஏன், மத்ததுக்கு என்ன கொற?"

"அதுகளுக்கு வளத்தி கூட. எனக்கு என்னமோ சரியாப் படல."

"தங்கச்சி மகனுக்குப் பொண்ணு பாக்குற மாதிரி நொட்டம் சொல்றீரே. மூலையில நிக்கிறது கோணலும் மாணலுமா ஒங்க கன்னு மாதிரி இருக்கு. அதனால புடிக்குது ஒங்களுக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்காதது அவர் பாடு.

முதல் கன்றை என் கையால் நடச் சொன்னார். நட்டேன்.

ஐப்பசி 18

மேட்டு நிலத்தில் சோலையப்பனின் பூண்டு நன்றாக எழுந்து நிற்கிறது. சம்பந்தி அந்தப் பக்கம் பார்க்காமலே நடக்கிறார். அக்ரூட் காய்க்கிறவரைக்கும் மாப்பிள்ளை ஊடுபயிராகப் பள்ளத்தில் உருளை போட்டிருக்கிறார். மரம் நின்றால் போதும், ரெண்டு வருசம் கூலிக்குப் போயாவது சமாளித்துவிடலாம் என்று பேச்சி சொன்னாள். அவள் கழுத்தில் செயின் இல்லை, மஞ்சள் கயிறு மட்டும்தான். கேட்கவில்லை.

கார்த்திகை 25

மேகம். நல்லது.

கார்த்திகை 29

மேகம். மழையும். பழனி முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். தலையில் மயிர் இல்லையே என்று ராக்கம்மா சொன்னாள். தை நாலாம் தேதிக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் கிண்டல். சிரிக்காமல் சொன்னாள்.

மார்கழி 6

வானம் வெளுத்துவிட்டது. சம்பந்தியிடம் போனேன்.

"இந்த வருசம் மட்டும் வைக்கோல் போட்டு மூடுங்க. புது மண்ணு, வேர் புடிச்சிருக்காது."

"போன வருசம் மூடாம நின்னதுக இந்த வருசம் மூடணுமா?"

"மூடுனா என்ன கொறஞ்சா போயிரும்?"

"சம்மந்தி." என்றார். "மூடக்கூடாதுங்கிறது நம்ம ரெண்டு பேரும் சேந்து ஒத்துக்கிட்ட சட்டம். தப்பு பண்ணச் சொல்றீங்களே. எனக்கு அப்பிடி ஒரு ஜெயிப்பு வேணாம்."

வாசல்படியில் நின்றேன். சொல்வதற்கு அதுதான் நேரம். அவருக்கு இழுப்பு ஆரம்பித்தது, உள்ளே போய்விட்டார். நானும் வந்துவிட்டேன்.

மார்கழி 8

பொழுது சாய, சாக்கைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்குப் போனேன். ஒரு வரிசை மூடுவதற்குள் முட்டி மடங்கிவிட்டது. பள்ளம் பெரிசு. வீட்டில் இருக்கிற சாக்கு ஒரு ஓரத்துக்குக்கூடக் காணாது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வரிசை மட்டும் தப்பினால் ஏன் என்று கேட்பார்கள்.

மார்கழி 9

பனி.

மார்கழி 10

பனி. போன வருசத்தைவிடக் கனமாக. தொட்டித் தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி உறைந்துவிட்டது.

மார்கழி 11

பனி.

மார்கழி 14

விடிந்து வெகு நேரம் கழித்து மாப்பிள்ளை வந்தார். "மாமா, அப்பா கூப்புடுறாக. கன்னு பாக்கணுமாம். அவுக கண்ணு மேல அவுகளுக்கே நம்பிக்கை இல்லயாம்" என்றார்.

பள்ளத்தில் உருளைச் செடி எல்லாம் கறுப்பாகச் சரிந்து கிடந்தது. கன்றுகள் நின்றுகொண்டுதான் இருந்தன. அக்ரூட் அப்படித்தான். செத்த பிறகும் கொஞ்ச நாள் நிற்கும். உயிர் இருக்கிறதா என்று பார்க்க நகத்தால் தோலைக் கீற வேண்டும். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர். மண் நிறமாக இருந்தால் இல்லை.

சம்பந்தி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வரப்பில் நின்றார். "நீங்க கீறுங்க சம்மந்தி. ஒங்க வாயால சொன்னா ஒத்துக்கிறேன்."

முதல் கன்று, நான் நட்டது. கீறினேன். மண் நிறம். அடுத்தது. மண் நிறம். அடி வரைக்கும் கீறிப் பார்த்தேன். அடுத்ததுக்குப் போனேன். மாப்பிள்ளை என் பின்னாலேயே வந்தார். மூலை வரிசைக் கோணல் கன்றுகளை ஒன்றாக ஒரு இடத்தில் நட்டிருந்தார்கள். அதைக் கீறினேன். பச்சை. நாலும் பச்சை. அவ்வளவுதான். பள்ளம் முழுக்க அவ்வளவுதான்.

"ஒரே தாய், ஒரே விதை" என்றார் சம்பந்தி. "போன வருசம் அம்புட்டுப் பனியில ஒண்ணா நின்னதுக. இது எப்பிடிய்யா? எனக்குப் புரியல."

பேச்சி வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"அப்பா, இந்த வருசமும் நீங்க மூடியிருக்கலாம்லப்பா" என்றாள்.

சம்பந்தி மூக்கிலிருந்து துண்டை எடுத்தார்.

"என்னத்தா சொல்ற?" என்றார் சம்பந்தி.

"போன மார்கழியில அப்பாதான், மாமா, தெனம் வந்து சாக்கு போட்டு மூடுனாக. நா ஓடைக்குத் தண்ணி எடுக்கப் போகையில பாப்பேன். விடிஞ்சதும் வந்து எடுத்துட்டுப் போயிருவாக. ஒங்ககிட்டச் சொன்னா கூச்சப்படுவாகன்னு நானும் சொல்லல. வெளிய ஏசிக்கிட்டுத் திரிவாகளே ஒழிய, மாமா கன்னு செத்துரக்கூடாதுன்னு அந்தப் பனியில நிப்பாக."

அவள் அந்த மூஞ்சியோடு, அழுத கண்ணோடு, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. பண்ணையில் வேலை பார்த்தது நானும் சம்பந்தியும்தான். சம்பந்தி என்னைப் பார்க்கவில்லை. மூலை வரிசைக் கன்றுகளைப் பார்த்தார். அப்புறம் மற்றதைப் பார்த்தார். அப்புறம் மேட்டு நிலத்தைப் பார்த்தார்.

"மூலை வரிசைக்குப் போடலயோ?" என்று கேட்டார்.

"சாக்கு போதல" என்றேன்.

தலையை ஆட்டினார். நெஞ்சு விசில் அடித்தது. வாயைத் திறந்து ஏதோ சொல்வார், ஏசுவார், மண்ணை அள்ளி வீசுவார் என்று நின்றேன்.

"பேச்சி, அய்யா வெயில்ல நிக்கிறாங்க. கூட்டிட்டுப் போயி மோரு குடு" என்றார்.

மார்கழி 16

மாப்பிள்ளைக்குச் சம்பந்தி சொல்லியிருப்பார் போல. பேச்சி வந்தாள். உள்ளே வரவில்லை. ராக்கம்மா கூப்பிட்டும் வரவில்லை.

"விளையாட்டுக்கா செஞ்சீக?"

 எப்போதும் என் வாயில் வருவதுதான் வந்தது. "ஒம்மாமன் மூஞ்சியப் பாத்தேல்ல" என்றேன்.

 அம்மாவிடம் மட்டும் போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மார்கழி 28

மாப்பிள்ளையும் பேச்சியும் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டார்கள். பனியன் கம்பெனியில் வேலை. ராக்கம்மா போய் வழியனுப்பினாள். நான் தோட்டத்தில் இருந்தேன். பஸ் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டது.

தை 6

என்னிடம் நிற்கிற கன்றுகளில் நல்லதாகப் பார்த்து ஏழெட்டு எடுத்தேன். வேர் அறாமல் மண்ணோடு தோண்டிப் பள்ளத்து வேலியோரம் வைத்துவிட்டு வந்தேன். சம்பந்தி நட்டுக்கொள்வார். இந்தப் பனியில் நின்றவை. இவை உண்மையாக நின்றவை.

தை 7

காலையில் கன்றெல்லாம் என் வாசலில் இருந்தன. வேரில் ஈரப் பாசி சுற்றி, வாழைநாரால் கட்டி, ஒன்றுகூட வாடாமல். பண்ணையில் கற்றுக்கொடுத்த மாதிரியே, முடிச்சு மாறாமல்.

நட்டுவிட்டேன். எல்லாம் பிழைத்துக்கொள்ளும்.

மாசி 3

டீக்கடைக்குப் போனேன். சம்பந்தி இருந்தார். சோலையப்பன் தோட்டத்தில் பூண்டு எடுக்கக் கூலிக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். போன வருசம் வரைக்கும் அவருடைய சொந்த மேட்டு நிலம். நகத்தில் மண்.

"என்ன சம்மந்தி, நெஞ்சுல இன்னிக்கு என்ன பாட்டு ஓடுது?" என்றேன்.

"நல்லா இருக்கேங்கய்யா. நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றார்.

அய்யாவாம். இத்தனை வருசத்தில் அவர் என்னைக் கிழட்டுக் குரங்கு என்று கூப்பிட்டிருக்கிறார், கல்லுளிமங்கன் என்று கூப்பிட்டிருக்கிறார்.

"அக்ரூட் எப்ப காய்க்குது? ஊருக்கெல்லாம் விருந்து வைக்கிறதாச் சொன்னீரே."

"ஆமாங்கய்யா, சொன்னேன்."

கடையில் ஒருத்தனும் சிரிக்கவில்லை. கடைக்காரன் கிளாசைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

மாசி 9

இன்றைக்கும் போனேன். விசில் அடித்துக் காட்டினேன். நொட்டம் சொன்னேன். மகனைப் பனியனுக்கு விற்றவர் என்றேன். எதற்கும் திருப்பி ஏசவில்லை. கடைசியில் பட்டுப்போன கட்டை என்று சொன்னேன், எல்லாரும் கேட்கிற மாதிரி.

பெஞ்சில் இடம் இல்லை. சம்பந்தி தன் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். உட்கார்ந்திருந்த இடத்தைத் துண்டால் துடைத்தார்.

"உக்காருங்கய்யா" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார்.